லெஃப்ட் பேக் இடம் காலி

கேமரன் மலைக்குப் போய்வந்தவர்கள் எல்லாரும் ஸ்ட்ராபெர்ரியைப் பற்றி எழுதுகிறார்கள். நான் ஒன்று தின்றேன். புளித்தது. அந்த விஷயம் அதோடு முடிந்தது. நான் எழுதப் போவது ஒரு லெஃப்ட் பேக்கைப் பற்றி, ஃபுட்பாலில் இடது பக்கம் நின்று தடுக்கிற ஆளைப் பற்றி.

குன்னூரில் தேயிலை ஃபேக்டரி மிஷின்களைக் கழற்றி மாட்டும் ஃபிட்டர் நான். எங்கள் முதலாளி பழைய உருட்டு மிஷின் ஒன்றை மலேசியாவில் ஒரு தோட்டத்துக்கு விற்றுவிட்டார். கப்பலில் போன மிஷினை அங்கே பூட்டிக் கொடுக்க ஆள் வேண்டும். பாஸ்போர்ட் வைத்திருந்த ஒரே ஃபிட்டர் நான்தான். ஒரு மலையிலிருந்து கிளம்பி இன்னொரு மலைக்குப் போய் அதே தேயிலையைப் பார்ப்பதற்கு எதற்குக் கடல் தாண்ட வேண்டும் என்று வீட்டில் கத்திவிட்டுத்தான் கிளம்பினேன்.

புதன்கிழமை மதியம் கம்போங் ராஜாவில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். வளைவுகளில் பஸ் டிரைவர் ஓட்டிய ஓட்டத்துக்கு அவரிடம் நாலு வார்த்தை கேட்கலாம் என்று போனால் அவருக்குத் தமிழ் தெரியவில்லை, எனக்கு மலாய் தெரியவில்லை. கேட்க வேண்டியதைத் தமிழிலேயே கேட்டுவிட்டு இறங்கினேன். அவர் சிரித்துக்கொண்டே கை காட்டினார்.

அழைத்துப் போக வந்தவர் முனியாண்டி, தோட்டத்து ஃபேக்டரியின் ஃபோர்மேன். அறுபது வயதை நெருங்கும் ஆள், கதவு அகலத்துக்குத் தோள். அவர் கொண்டுவந்த ஜீப்புக்கும் அதே வயது இருக்கும். திரிங்காப் பக்கம் வந்ததும், முட்டைக்கோசு ஏற்றிய லோரிகளுக்கு நடுவே, ஜீப் நின்றுவிட்டது. பின்னால் இருந்தவர்கள் எல்லாரும் ஹார்ன் அடித்தார்கள். ஒரு லோரிக்காரர் தலையை வெளியே நீட்டி, "என்னா ஃபோர்மேன், பந்த வெளிய அடிச்சிட்டியா?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பானெட்டைத் திறந்து பார்த்தேன். டீசல் குழாயை ஒரு கயிற்றால் கட்டி வைத்திருந்தார்கள். ஃபேக்டரி ஃபோர்மேன் ஓட்டும் வண்டியில் கயிறு! திட்டிக்கொண்டே சரிசெய்தேன்.

முனியாண்டி கோபப்படவில்லை. வண்டி கிளம்பியதும், "நாங்க மேல் டிவிசன், அந்த லோரிக்காரன் கீழ் டிவிசன். பழைய பகை. நீங்க பந்து விளையாடியிருக்கீங்களா?" என்றார்.

"ஃபேக்டரி டீமுக்குப் பதினாலு வருஷம். ஸ்டாப்பர், நடுவுல நின்னு தடுக்கிற ஆள்."

ஸ்டியரிங்கை விட்டுவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நானும் ஸ்டாப்பர்தான்லா!" பேச்சுக்குப் பேச்சு 'லா' சேர்ப்பது அந்த ஊர் வழக்கம். ஜீப் ரோட்டோரத்துப் பூச்செடித் தொட்டி ஒன்றை உரசிக்கொண்டு போனது.

வியாழக்கிழமை முழுவதும் வேலை. முனியாண்டி வீட்டில்தான் எனக்குத் தங்கல்; காலையில் அவர் மனைவி, "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டார். காலைச் சாப்பாட்டைத்தான் அங்கே அப்படிக் கேட்கிறார்கள். நல்ல வார்த்தை, ஊருக்கும் கொண்டுபோகலாம் என்று நினைத்தேன். ரொட்டி சானாய் என்று நம் பரோட்டாவின் தம்பியைப் பருப்புக் குழம்போடு வைத்தார். ஆறு தின்றேன். டீயைத்தான் மன்னிக்க முடியாது. சுற்றிலும் கண்ணுக்கு எட்டிய தூரம் தேயிலை, கோப்பையில் பாதிக்கு டப்பாப் பால். எங்கள் ஊரிலும் நல்ல தூளை விற்றுவிட்டுத் தூசியைத்தான் நாங்கள் குடிக்கிறோம் என்பதால் பேசாமல் குடித்தேன்.

குன்னூரில் பெண்கள் கையால் கிள்ளுவார்கள். இங்கே இரண்டு ஆண்கள் ஒரு மிஷினை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு, மலைக்கு முடிவெட்டுவது போல வெட்டிக்கொண்டே போகிறார்கள். பெரும்பாலும் பங்களாதேஷ், நேபாளப் பையன்கள். தமிழ்க் குடும்பங்கள் தோட்டத்தின் இரண்டு பகுதிகளான மேல் டிவிஷனிலும் கீழ் டிவிஷனிலும் சேர்த்து முப்பது இருந்தால் அதிகம். பிள்ளைகள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போய்விட்டார்கள். ஆனால் சண்டைக்கு ஆள் குறையவில்லை.

சண்டை எதைப் பற்றி என்பது அன்று சாயங்காலம் தெரிந்தது. கோயிலுக்குப் பக்கத்தில் ஹால் ஒன்று உண்டு. இரண்டு டிவிஷன்களும் சேர்ந்து அதற்கு வெள்ளையடித்து, சுவரில் ஒரு பெரிய பலகை மாட்டியிருந்தார்கள். தோட்டத்தின் சிறந்த பதினொரு ஆட்டக்காரர்கள். கோல்கீப்பரிலிருந்து ஃபார்வர்ட் வரை பத்துப் பெயர்கள், நல்ல மஞ்சள் எழுத்தில். லெஃப்ட் பேக் என்று போட்டிருந்த இடத்தில் பெயர் இல்லை.

பலகைக்குக் கீழே நாற்காலி போட்டு ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தார்கள். பெயின்டர் ஆ சோங் ஓர் ஓரமாக இருந்தார். தோட்டத்துக் கடைக்காரரின் மகனாகப் பிறந்து, தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியிலேயே படித்த சீனர். "மூணு மாசமா பிரஷ்ஷ கழுவிக் கழுவி எடுத்துட்டு வரேன்லா. ஒரு பேரு. ஒரே ஒரு பேரு சொல்ல மாட்டேங்குறானுங்க" என்று என்னிடம் சொன்னார்.

பேச்சைக் கேட்க நன்றாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். மேல் டிவிஷனின் நாலு பேர் டிஃபென்ஸுக்கு அந்தக் காலத்தில் நாலு பூட்டு என்று பெயராம். ஒரு வருஷம் முழுக்க ஒரு கோல்கூட விடவில்லையாம். போலீஸ் டீம் வந்தது, ராணுவத்திலிருந்து வந்தார்கள், ஒருவரும் உள்ளே போக முடியவில்லை.

"இவனுங்க பந்த உதைக்க மாட்டானுங்க, ஆளத்தான் உதைப்பானுங்க" என்றார் சுப்ரா. கீழ் டிவிஷனின் பழைய சென்டர் ஃபார்வர்ட். இப்போது பக்கத்து டவுனான தானா ராத்தாவில் டாக்சி ஓட்டுகிறார். "என் முட்டியில பாருங்க பாஸ், நாலு பூட்டோட சாவித் துவாரமும் இருக்கு."

"உதை வாங்கிட்டுத்தானே போன. உள்ள போனியா?" என்றார் முனியாண்டி.

"ஒரு தடவ போனேன்லா. ஃபைனல்ல."

எல்லாருடைய கண்ணும் வாசல் பக்கம் போனது.

வாசல் பக்கத்தில் ஒல்லியான ஒருவர் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தார். குனிந்த தலை நிமிரவில்லை. கூட்டி முடித்து, துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, பலகையைப் பார்க்காமலே வெளியே போனார். "அதான் லெஃப்ட் பேக்கு. ஆரோக்கியசாமி" என்று ஆ சோங் என் காதில் சொன்னார். "உக்காந்த சாமின்னு சொல்லுவாங்க."

வெள்ளிக்கிழமை மிஷினைப் பூட்டும்போதே முனியாண்டியிடம் கதையைக் கேட்டு வாங்கினேன். அதைப் புரிந்துகொள்ள அந்தத் தோட்டத்து விளையாட்டுத் திடலின் சட்டம் ஒன்று தெரிய வேண்டும். திடல் மலைச்சரிவை வெட்டிச் செய்தது. ஒரு பக்கம் முடிந்ததும் நேராகப் பள்ளம். பனிமூட்டம் ஏறினால் ஐந்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. பந்தைத் துரத்திக்கொண்டு போய்ப் பள்ளத்தில் விழுந்து காலை உடைத்தவர்கள் உண்டு. அதனால் தாத்தாக்கள் காலத்திலிருந்தே ஒரு வழக்கம். கோல்கம்பம் கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் "மூட்டம்!" என்று கத்திவிட்டு அந்த இடத்திலேயே உட்கார வேண்டும். ஆனால் ஒரு குரல் போதாது. தோற்கிறவன் ஏமாற்றலாம் இல்லையா? பக்கத்தில் நிற்பவனும் அதைத் திருப்பிக் கத்தி உட்கார வேண்டும். இரண்டாவது குரல் கேட்டால்தான் ஆட்டம் நிற்கும். எல்லாரும் உட்கார்ந்துவிடுவார்கள், ரெஃபரி உட்பட. மூட்டம் விலகியதும் விட்ட இடத்திலிருந்து ஆட்டம்.

முப்பது வருஷத்துக்கு முன்னால் மேல் டிவிஷனுக்கும் கீழ் டிவிஷனுக்கும் ஃபைனல். கடைசி ஐந்து நிமிஷம், கோல் இல்லை, மூட்டம் ஏறுகிறது. சுப்ரா பந்தோடு வருகிறார். ஆரோக்கியசாமி உட்கார்ந்துவிட்டார். சுப்ரா அவரைத் தாண்டிப் போய்க் கோல் போட்டார்.

"உக்காந்துட்டான். குரலே குடுக்கல" என்றார் முனியாண்டி. "மூச்சு வாங்கி உக்காந்தான். கேட்டா, கத்தினேங்கறான்."

"நீங்க எங்க நின்னீங்க?"

"நடுவுல."

"அப்ப பக்கத்துல நின்ன ஆள் நீங்கதான்."

"ஆமா. எனக்கு ஒண்ணும் கேக்கல. அவன் பேர எழுதினா நான் அந்த ஹாலுக்குள்ள கால வைக்க மாட்டேன்லா."

நான் ஸ்பேனரைக் கீழே வைத்தேன். பதினாலு வருஷம் ஸ்டாப்பராக நின்றவனுக்கு ஒரு விஷயம் தெரியும். மைதானமே இடிந்து விழுந்தாலும் உன் லெஃப்ட் பேக்கின் குரல் உனக்குக் கேட்கும். அது கேட்காவிட்டால் நீ ஸ்டாப்பரே இல்லை. இதை அப்படியே அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். அவர் முகம் கறுத்துவிட்டது. அன்று ராத்திரிச் சாப்பாட்டில் எனக்கு மீன் துண்டு வரவில்லை.

சனிக்கிழமை பாசாருக்கு, அதாவது சந்தைக்கு, போனேன். ஊருக்கு ஏதாவது வாங்க வேண்டுமே. சாலை முழுக்கக் கார்கள், ஒரு மணி நேரமாக நகரவில்லை. ஊட்டி சீசன் கூட்டத்தைத் திட்டியவன் நான். ஊட்டியிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன். பொரித்த மரவள்ளி விற்ற அம்மாளிடம் விலை கேட்டால், "நீங்கதானே ஃபோர்மேன்கிட்ட சண்ட போட்ட ஊர்க்காரர்?" என்றார். தோட்டத்தில் வெள்ளிக்கிழமை பேசினால் சனிக்கிழமை பாசாரில் கிடைக்கும். அவர் மேரியம்மா, ஆரோக்கியசாமியின் மனைவி.

பேப்பரில் மரவள்ளியைக் கட்டிக்கொண்டே பேசினார். "நான் கட்டிக்கிட்டு வந்தப்பவே அவருக்கு அந்தப் பேரு. மார்க்கெட்டுக்கு வருவாரு, தலைய நிமிர மாட்டாரு. சர்ச்சுல எல்லாரும் எழுந்திரிச்சு நிப்போம், எவனாவது பின்னால, 'சாமி, நீ உக்காருய்யா'ன்னு சொல்லுவான். சிரிப்பு. இவரும் சிரிப்பாரு. வீட்டுக்கு வந்து சாப்பிட மாட்டாரு."

"நீங்க ஒண்ணும் கேக்கலியா?"

"நான் என்னாத்த கேக்க? இந்தப் போர்டு மாட்டினதுலேருந்து தினம் போயி ஹாலக் கூட்டுறாரு. யாரு கூட்டச் சொன்னா? செத்தா கல்லறையில பேரு எழுதுவாங்க, அத எவன் வந்து படிக்கப் போறான், இதுல எழுதினா போதும்ங்குறாரு." பொட்டலத்தை என் கையில் திணித்தார். "காசு வேணாம். அந்த ஃபோர்மேன இன்னும் நல்லாத் திட்டுங்க."

மறுநாள் அதற்கு வேலை வந்தது. ஞாயிற்றுக்கிழமை பழைய ஆட்டக்காரர்களுக்குள் மேட்ச். வருஷத்துக்கு ஒரு தடவை, மேல் டிவிஷனுக்கு எதிராகக் கீழ் டிவிஷன். ரெஃபரி எப்போதும் வெளியாளாகத்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் உள்ளூரில் யாரையும் யாரும் நம்புவதில்லை. விசிலை என் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். மேல் டிவிஷனில் ஆள் குறைந்ததால் ஆரோக்கியசாமியைக் கூப்பிட்டாக வேண்டியிருந்தது. அவர் வீட்டிலிருந்து பூட்ஸோடு வந்தார். கூப்பிடுவதற்கு முன்பே மாட்டிக்கொண்டுவிட்டார் என்று நினைக்கிறேன்.

அந்த மேட்சை என்னவென்று சொல்ல. ஐம்பத்தைந்துக்குக் கீழே ஒருவரும் இல்லை. சுப்ரா வருவதற்கு முன்னால் அவருடைய தொப்பை ஆஃப்சைடுக்குப் போய்விடும். பத்து நிமிஷத்தில் பந்து மூன்று முறை தேயிலைக்குள் போனது. போன ஒவ்வொரு முறையும் எடுக்கப் போனவர் திரும்பி வர ஐந்து நிமிஷம், அதற்குள் மற்றவர்கள் முதுகைப் பிடித்துக்கொண்டு பழைய கணக்குகளைப் பேசினார்கள். கிழவர்களின் வாயில் வந்த வார்த்தைகளுக்கு எல்லாம் கார்டு காட்டுவதென்றால் நான் ஒருவன்தான் மைதானத்தில் மிஞ்சியிருப்பேன். திடல் கரையில் பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் அடிக்கடி சிரிக்கிற ஆள் இல்லை.

இரண்டாம் பாதியில் பள்ளத்திலிருந்து மூட்டம் ஏறியது. எங்கள் ஊர் மூட்டம் மெதுவாக நடந்து வரும். இது ஓடி வந்தது. முதலில் கரையில் இருந்த பெண்கள் மறைந்தார்கள், பிறகு கோல்கம்பம். சுப்ரா பந்தோடு இடது பக்கம் போய்க்கொண்டிருந்தார். நான் அவருக்குப் பின்னால். ஆரோக்கியசாமி கையைத் தூக்கினார்.

"மூட்டம்!"

உட்கார்ந்துவிட்டார்.

ஒல்லி உடம்பிலிருந்து அப்படி ஒரு குரல் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மூட்டத்துக்குள் அது மணி அடித்த மாதிரி கேட்டது. சுப்ரா நிற்கவில்லை. இரண்டாவது குரல் வரவில்லையே. விசில் என் வாயில் இருந்தது. ஊதியிருக்கலாம். ஊதவில்லை. அது என் வேலை இல்லை, இரண்டாவது குரலுக்கு உரிய ஆள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். சுப்ரா ஒரு தட்டுத் தட்டினார். இன்னொரு தட்டு.

"மூட்டம்!" என்றார் முனியாண்டி.

எல்லாரும் உட்கார்ந்தார்கள். முட்டிகள் மடங்கும் சத்தமும் முனகலும் நாலு பக்கமும் கேட்டன. நானும் உட்கார்ந்தேன். பேன்ட் நனைந்துவிட்டது. ஒருவர் முகமும் தெரியவில்லை, வெறும் வெள்ளை. எனக்கு உள்ளே எரிந்துகொண்டிருந்தது. கேட்டே விட்டேன்.

"முனியாண்டி, ஆரோக்கியம் கத்தினது உங்களுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுத்தானே திருப்பிக் குடுத்தேன்."

"எவ்வளவு தூரத்துல இருந்தீங்க?"

"பத்தடி இருக்கும்."

"அன்னைக்கு எவ்வளவு தூரம்?"

யாரோ இருமினார்கள். கீழே ரோட்டில் ஒரு மோட்டார் சைக்கிள் மெதுவாகப் போனது. முகம் தெரிந்திருந்தால் அவர் பதில் சொல்லியிருக்க மாட்டார், எனக்குத் தெரியும்.

"அதே பத்தடிதான்" என்றார்.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சுலா." பிறகு தானாகவே மேலே சொன்னார். "குவாந்தான்லேருந்து ஸ்டேட் டீமுக்கு ஆள் எடுக்க வந்திருந்தானுங்க. நான் உக்காந்துட்டா என்னப் பாக்க மாட்டானுங்கன்னு நின்னுட்டேன். சுப்ராவ நானே நிறுத்திடுவேன்னு நெனச்சேன். அதுக்குள்ள கோலு விழுந்துருச்சு. அப்புறம் எப்படிச் சொல்றது."

மூட்டத்துக்குள்ளிருந்து சுப்ராவின் குரல்: "எடுத்தானுங்களா?"

"எடுக்கல."

யாரோ பொத்துக்கொண்டு சிரித்தார்கள். ஆனால் எல்லாரும் காத்திருந்தது இன்னொரு குரலுக்கு. அது மெதுவாகத்தான் வந்தது.

"தெரியும்டா" என்றார் ஆரோக்கியசாமி. "நீ பக்கத்துல மூச்சு விட்டதுகூட எனக்குக் கேட்டுச்சு. என் குரல் உனக்குக் கேக்காமயா போகும்?"

"அப்ப ஏன்டா சொல்லல?" என்றார் ஒருவர்.

"சொன்னேன். எவன் கேட்டீங்க?"

கடைசியில் சுப்ராதான் வாயைத் திறந்தார். "அது சரிலா. அப்ப என் கோலு?"

நாலு பக்கமிருந்தும் வசவு பறந்தது. ஆரோக்கியசாமி எல்லாரையும் அடக்கினார். "அவன் கோலு கோலுதான். ரெண்டாவது குரல் வரல, ஆட்டம் நிக்கல. அவன் மேல தப்பில்ல."

டிஃபெண்டர்களில் இவ்வளவு நேர்மையான ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை, கண்ணாடியில்கூட.

மூட்டம் விலகியபோது முனியாண்டியால் எழுந்திருக்க முடியவில்லை. முட்டி பிடித்துக்கொண்டதா, வேறு ஏதாவதா, எனக்குத் தெரியாது. ஆரோக்கியசாமி அவர் முன்னால் போய் நின்றார். கையெல்லாம் நீட்டவில்லை. "எந்திரிடா. இன்னும் இருபது நிமிசம் இருக்கு" என்றார். முனியாண்டி தரையைப் பிடித்துக்கொண்டு தானே எழுந்தார். அந்த இருபது நிமிஷத்தில் கீழ் டிவிஷன் மூன்று கோல் போட்டது. நாலு பூட்டும் நன்றாகத் துருப்பிடித்திருந்தன. ஒருவரும் கவலைப்படவில்லை.

திங்கட்கிழமை காலை மிஷினை ஓட்டிக் காட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பஸ்ஸுக்கு முன்னால் ஹாலுக்குப் போனேன். ஆ சோங் ஏணியில் நின்றிருந்தார். ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் முனியாண்டி. கால் வைக்க மாட்டேன் என்று சொன்ன ஹாலுக்குள்தான். என்னைப் பார்த்ததும் முறைத்தார். பிறகு, "வீட்டம்மா உங்களுக்கு மீன் பொரிச்சுக் கட்டிக் குடுத்திருக்கா. வழியில சாப்பிடுங்க" என்றார். வாங்கிக்கொண்டேன்.

கீழே ஆரோக்கியசாமியும் மேரியம்மாவும் நின்றிருந்தார்கள். அவர் இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். கையில் துடைப்பம் இல்லை. ஆ சோங் கடைசி எழுத்தை முடித்துவிட்டு இறங்கினார். மேரியம்மா எழுத்துக் கூட்டி ஒருமுறை படித்தார். பிறகு புருஷன் பக்கம் திரும்பினார்.

"இந்த ஒரு வரிக்கா முப்பது வருசம் என் சமையலுக்கு மூஞ்சியத் திருப்புனீங்க?"

"சும்மா இரும்மா, ஆளுங்க பாக்குறாங்க" என்றார் அவர். பலகையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வீட்டுக்கு வாங்க, கஞ்சி ஆறுது."

"பெயின்ட் காயட்டும்."

"இந்தக் குளிர்ல காய சாயங்காலம் ஆகும்ணே" என்றார் ஆ சோங்.

"ஆகட்டும்" என்றார் ஆரோக்கியசாமி. முனியாண்டி ஓடிப்போய் ஒரு நாற்காலி கொண்டுவந்து வைத்தார். ஆரோக்கியசாமி அதைப் பார்க்கவே இல்லை. நின்றுகொண்டே இருந்தார்.